கவிழ்த்து வைத்த கோப்பை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. வலியைப் பற்றிப் பேச ஆள் வந்துவிட்டதால் அதுவும் பாதி குறைந்துவிட்டது. நீ, அத்தான், பாப்பா எல்லாரும் சௌக்கியம்தானே? பாப்பாவின் அறையை ஒரு வாரம் பிடித்து வைத்துக்கொண்டதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

போனில் தொழில் பேசாதே, என் ஆபீசில் போனும் மெயிலும் பதிவாகும், எதுவானாலும் தாளில் எழுது என்றாய். எழுதுகிறேன். கடைசியாகப் பேனா பிடித்தது கல்லூரிப் பரீட்சையில். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

சாப்பாட்டு மேசையில் தண்ணீர் பாட்டிலில் மாட்டிக் காட்டினேனே, மணி அடித்ததும் பாப்பா கை தட்டினாளே, எங்கள் கம்பெனியின் அந்தக் கவ்வியைத்தான் உங்கள் ஊரில் தொழிலுக்குப் பணம் போடுகிற ஐந்து பேரிடமும் காட்டினேன். சொட்டு மருந்து பாட்டிலில் மருந்து தீரப்போகும்போது கவ்வியிலும் நர்ஸ் மேசையிலும் மணி அடிக்கும், அவ்வளவுதான் விஷயம். ஐவருக்கும் புரிந்தது. செவ்வாயும் புதனும் என்னை மாப்பிள்ளை மாதிரி நடத்தினார்கள். ஒருவர் ஷூவைக் கழற்றிவிட்டு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார். இன்னொருவர், "தம்பி, வேற யார்கிட்டயும் போகாதீங்க. வெள்ளிக்கிழமை வாங்க, கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார். வெள்ளைத்தாடி வைத்த ஒருவர் மட்டும் அதிகம் பேசாமல் கவ்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை போனேன். ஷூக்காரர் ஊரிலேயே இல்லை என்றார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவருடைய ஷூ தெரிந்தது, அக்கா. கையெழுத்துக்காரர், "நல்ல ஐடியாதான், இன்னும் கொஞ்சம் பழுக்கட்டுமே" என்றார். அடுத்தவரும் பழுக்கட்டும் என்றார். அதற்கடுத்தவரும் அதே சொல். நான் என்ன பழக்கடையா நடத்துகிறேன்? கடைசியில் வெள்ளைத்தாடி மட்டும் விலை சொன்னார். மற்றவர்கள் முதலில் வாய்விட்டுச் சொன்னதில் பாதி. அதற்கு ஏறக்குறைய பாதிக் கம்பெனி வேண்டுமாம்.

புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவில் என்ன நடந்தது? வியாழக்கிழமை முழுக்க நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். நீ விடியும்போதே கிளம்பிப் போய்விட்டாய், பாப்பாவுக்கு நான்தான் கோணல்மாணலாக ஜடை போட்டு அனுப்பினேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நாம் பேசிக்கொண்டபடி உன் பெயரை எங்கேயும் எடுக்கவில்லை. "நீ என் தம்பின்னு யாருக்கும் தெரிய வேண்டாம், சொந்தக் கால்ல நின்னு வாங்கு" என்றாய். நின்றேன். உன் கம்பெனி பெரிய இடங்களுக்கு மட்டுமே பணம் போடுவது என்பதால் எனக்கும் அதில் வருத்தமில்லை. ஆனால் மே மாதத்துக்கு மேல் என்னையும் சேர்த்து ஏழு பேருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. உனக்கு இந்தத் தொழில் தெரியும். என்ன நடந்திருக்கும் என்று எழுது.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

உன் தம்பி

ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசி. இங்கே மூவரும் நலம். உன் கையெழுத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. மருத்துவர் சீட்டு என்று நினைத்து அத்தான்தான் மருந்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாப்பா, "மாமா போட்ட மாதிரியே ஜடை போடு" என்று தினமும் அடம் பிடிக்கிறாள். அவ்வளவு கோணலாகப் போட எனக்கு வரமாட்டேன் என்கிறது.

பணம் போடுகிறவர்கள் மனசு மாறுவது புதிதில்லை. செவ்வாய்க்கிழமை பிடித்தது வெள்ளிக்கிழமை பிடிக்காமல் போகும். அதற்கெல்லாம் காரணம் தேடிக்கொண்டிருந்தால் உனக்குத்தான் வயிறு எரியும். வேறு நகரங்களில் முயற்சி பண்ணு. வெள்ளைத்தாடிக்காரரிடம் கோபமாக எதுவும் பேசிவைக்காதே, அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். அவர் சொன்ன விலை குறைவுதான். ஆனால் இல்லை என்பதைவிட அது மேல்.

கவ்வியை மேசை மேலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாய். அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

அம்மாவைப் படி ஏறவிடாதே. நீ பட்டன் போன சட்டையோடு அந்த ஐந்து பேர் முன்னால் போய் நின்றதாக அத்தான் சொன்னார். கேட்டிருந்தால் தைத்துக் கொடுத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். பட்டன் தைத்தாகிவிட்டது, உன் மனசு ஆறட்டும். பாப்பாவுக்கு என் முத்தம்.

நீ சொன்னபடி வேறு நகரங்களில் கேட்டேன். எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்களுக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய ஊர்ல ஏன் யாரும் போடலை?"

பொறுக்க முடியாமல் ஷூக்காரருக்குப் போன் போட்டேன். தப்பித் தவறி எடுத்துவிட்டார். விடாமல் பிடித்துக்கொண்டேன். கடைசியில் சலித்துப்போய், "தம்பி, உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரிச் சாமான் பத்தி எங்க எல்லாரையும்விட நல்லாத் தெரிஞ்ச ஒருத்தங்களே உங்களை வேணாம்னு விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க எந்த தைரியத்துல கை வெப்போம்?" என்றார்.

யார் அது? நான் பார்த்தது ஐந்தே பேர். ஐவருக்கும் ஊசிக்கும் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஆறாவதாக ஒரு ஆளை நான் பார்க்கவே இல்லை. என் சாதனத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவர் என்னை எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்?

அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் கேட்பதற்கு நிறைய வைத்திருக்கிறேன். உங்கள் வட்டாரத்தில் ஆஸ்பத்திரிக் கருவிகள் தெரிந்தவர் யார் என்று விசாரித்து எழுது.

அம்மா படி ஏறுவதில்லை. ஏறக் கூடாது என்று நீ சொன்னதை மாடியில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டாள்.

உன் தம்பி

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது வெறும் வழக்கம் என்று நினைத்திருந்தேன். பதிலே வராதபோது நிஜமாகவே ஆவலாகத்தான் இருக்கிறது. போனில் அம்மாவிடம் கலகலப்பாகப் பேசுகிறாய் என்று தெரியும். என் கடிதம்தான் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

எங்கள் இடத்தை நீ பார்த்ததில்லை. கீழே அச்சகம், மேலே நாங்கள். மெஷின் ஓடும்போது எங்கள் மேசையில் திருகாணிகள் தானாக நகரும். எதிரில் உட்கார்ந்து சாலிடர் வைக்கும் என் கூட்டாளி ஸ்பேனரை உனக்குத் தெரியும், கல்யாண வீட்டில் மைக்கைப் பழுது பார்க்கிறேன் என்று நாதஸ்வரக்காரரை ஷாக் அடிக்க வைத்தவன். அவனே இப்போது வேலை விளம்பரங்களைப் படிக்கிறான். இங்கே ஒரு ஆஸ்பத்திரி வார்டில் இருபது கட்டிலுக்குச் சும்மா மாட்டிக் கொடுத்திருக்கிறோம். தலைமை நர்ஸ் நேற்று, "கழட்டிட்டுப் போயிடாதீங்கப்பா, இப்பதான் எங்க பொண்ணுங்க நிம்மதியா உட்கார்றாங்க" என்றார். அவருக்கு நான் என்ன வாக்குக் கொடுக்க?

இதற்கு நடுவில் ஒருத்தியைப் பார்த்தேன். பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று பெற்றோருக்குச் சொல்லும் ஆப் செய்கிறவள். எல்லாரும் அவளைப் பேருந்துக்காரி என்றே கூப்பிடுகிறார்கள். போன வருடம் அவளுக்கும் இதே கதை. செவ்வாய்க்கிழமை மணப்பெண், வெள்ளிக்கிழமை யாரோ. கடைசியில் ஒரே ஒருவர், பாதி விலை. அவள் சும்மா விடவில்லை. தோண்டித் துருவிக் கண்டுபிடித்துவிட்டாள். உங்கள் ஊரில் பணம் போடுகிறவர்கள் எல்லாரும் வியாழக்கிழமைதோறும் ஒரு ஓட்டலில் சேர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார்களாம். யார் யாரை எடுப்பது, யார் ஒதுங்குவது என்பதை அங்கேயே முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறார்களாம். போட்டியே இல்லாமல் ஒருவரே விலை சொல்வார், நாம் தலையாட்ட வேண்டும்.

இது கூட்டுக் களவாணித்தனம். நானும் அவளும் இன்னும் இருவரும் சேர்ந்து வணிகப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம். நீ என்ன நினைக்கிறாய்? இந்தச் சாப்பாட்டுக் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

உன் தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை, அத்தானுக்கு முதுகுவலி வேறு. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு மாத்திரையை நீயே கையில் எடுத்துக் கொடு, சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்பாதே.

புகார் வேண்டாம்.

கோபத்தில் எழுதவில்லை, நிதானமாக யோசித்துத்தான் சொல்கிறேன். நாலு பேர் சேர்ந்து சாப்பிடுவது குற்றமா? அவர்கள் அங்கே விலை பேசியிருக்க மாட்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள், எதையும் எழுதியிருக்கவும் மாட்டார்கள். ஒருவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார் என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வாய்? அவர் உன்னைப் பார்த்துச் சிரிப்பார். புகார் கொடுத்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் எந்த ஊரிலும் உனக்கு ஒருவரும் பணம் போட மாட்டார்கள். இருக்கிற கதவையும் நீயே சாத்திக்கொள்வாய்.

வெள்ளைத்தாடிக்காரரிடம் போ. அவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிடு. ஸ்பேனருக்கும் மற்றவர்களுக்கும் சம்பளமாவது வரும், வார்டில் கவ்வியும் இருக்கும். உனக்கு ரோஷம் அதிகம். சின்ன வயதில் பந்தயத்தில் தோற்றால் மறுநாள் வரை பேசமாட்டாய். இது பந்தயம் இல்லை.

சொன்னதைக் கேள்.

அக்கா

மார்ச் 25

அக்கா,

நலம்.

எந்தக் கோப்பை?

நான் உனக்குக் கோப்பையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. எனக்கே தெரியாது. பேருந்துக்காரியிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

பதில் எழுது.

தம்பி

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் தாங்கவில்லை. பாப்பாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன, சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறாள். போன வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பயப்படாதே, சரியாகிவிட்டது, மறுபடி வாயாடத் தொடங்கிவிட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அத்தான் முதுகுக்குப் பலகையில் படுக்கிறார். பலகைக்கும் முதுகுக்கும் நடுவில் நான் ஒரு தலையணையைச் செருகி வைத்ததற்குப் பெரிய சண்டை.

அம்மாவுக்கு ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன். நீல நிறம். பிடிக்கவில்லை என்று சொல்வாள், ஆனால் போர்த்திக்கொள்வாள். உனக்கு இரண்டு சட்டை. பட்டன்களை நானே இன்னொரு தரம் இறுக்கித் தைத்திருக்கிறேன்.

மாடி அறைக்கு மின்விசிறி போட்டாயா? அச்சகத்துச் சூடு மேலே ஏறும். ஸ்பேனரின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா?

கோபமாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

அக்கா

மே 4

அக்காவுக்கு,

போர்வை வந்தது. அம்மா, "இந்தக் கலரை யார் எடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே போர்த்திக்கொண்டாள். பாப்பாவின் காய்ச்சல் விஷயத்தை நான் சொல்லவில்லை. சட்டைகளைப் பிரிக்கவில்லை.

பல்லைப் பற்றி எழுதினாய், பலகையைப் பற்றி எழுதினாய், ஸ்பேனரின் அம்மா கண் வரைக்கும் போனாய். நான் கேட்டது ஒரே கேள்வி. பூசி மெழுகுவதில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கோப்பை என்னவென்று தெரிந்துகொண்டேன். வெள்ளைத்தாடியின் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு விலகிய ஒருவரைப் பேருந்துக்காரி தேடிப் பிடித்தாள். அவர் சாட்சிக்கு வர மாட்டார், தானே கண்ணால் பார்த்ததில்லை என்கிறார், ஆனால் சொன்னார். சாப்பிட்டு முடித்து ஒரு சுற்றுக் காபி குடிப்பார்களாம். கோப்பை காலியானதும் யாராவது ஒரு கம்பெனியின் பெயரைச் சும்மா பேச்சுவாக்கில் சொல்வாராம். வேண்டாம் என்கிறவர்கள் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்துவிடுவார்களாம். கடைசியில் எவருடைய கோப்பை நிமிர்ந்திருக்கிறதோ அந்தக் கம்பெனி அவருக்கு. வாயே திறக்காமல் வேலை முடிந்தது. சப்ளையர் அடுத்த காபி ஊற்ற வரும்போது சிரித்துக்கொண்டே மறுபடி நிமிர்த்திக்கொள்வார்களாம்.

அந்த மேசையில் ஒரு பெண்மணியும் உண்டாம், போன வருடம்தான் வந்து சேர்ந்தாராம். "ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டதுன்னா எல்லாரும் அந்தம்மா கோப்பையைத்தான் பார்ப்பாங்க" என்றாராம். பேருந்துக்காரி என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, யார் அந்த அம்மா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கருவி விற்கும் கம்பெனியில் பத்து வருடம் குப்பை கொட்டிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்த அம்மா எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும்.

வியாழக்கிழமை விடியும்போது நீ எங்கே போனாய், அக்கா? உன் மகளுக்கு நான் ஜடை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

ஸ்பேனர் லிஃப்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். போகிற அன்று சாலிடர் கம்பியைச் சுருட்டி என் மேசையில் வைத்துவிட்டு, "கூப்பிட்டா வந்துடுவேன்டா" என்றான். எங்கிருந்து கூப்பிடுவது? மற்ற ஐந்து பேரையும் இந்த மாதத்தோடு அனுப்புகிறேன். வார்டுக்குப் போய் இருபது கவ்வியையும் கழற்றிக்கொண்டு வந்தேன். பழுது பார்க்கவும் ஆளில்லாமல் நோயாளி தலைக்கு மேலே அவற்றை விட்டுவைக்க முடியாது. தலைமை நர்ஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

புகார் கொடுத்துவிட்டோம். எனக்குப் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

தம்பி

ஜூன் 12

அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம். நமக்குள் என்னவென்று அவளுக்குச் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா இல்லையா?" என்று கேட்டாள். கடிதம் எழுதுகிறோம் என்றேன். "என்ன அதிசயமோ" என்று போய்விட்டாள்.

புகாரை ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் வக்கீல் ஆர்வமில்லாமல் பேசுகிறார். நான்கு பேருக்கு ஒரே மாதிரி நடந்தது என்பது சந்தேகம்தானே தவிர சாட்சி இல்லை என்கிறார். அந்த மேசையில் உட்கார்ந்த ஒருவர் வந்து, கோப்பையைக் கவிழ்த்தால் என்ன பொருள் என்று சொன்னால் ஒழிய இது நிற்காதாம். ஒருவர் போதுமாம்.

நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. பணம் கேட்கவில்லை, சிபாரிசு கேட்கவில்லை. இதைக் கேட்கிறேன். வருகிறாயா? உன் வேலை போகும் என்று தெரியும். பாப்பாவின் பள்ளிக்கூடம், வீட்டுத் தவணை எல்லாம் தெரியும். தெரிந்தும்தான் கேட்கிறேன், அந்த அளவுக்கு வந்துவிட்டேன்.

விளக்கம் வேண்டாம். வருவதென்றால் ஒரு வரி எழுது. விசாரணைக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்களாம். தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன். பாவம், அவர் என்னைக் கண்டால் சைக்கிளை வேறு தெருவில் திருப்புகிறார்.

தம்பி

ஜூலை 9

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவுக்குப் பல் முளைத்ததா?

நேற்று என்னை விசாரித்தார்கள். நீ ஒரு வரி எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று எனக்கே புரிந்துவிட்டது. அந்தக் கோபம் எல்லாம் வற்றிப்போய், அசதிதான் மிச்சம்.

சின்ன அறை. சுவரில் பழைய சுண்ணாம்பு, நடுவில் ஒரு கால் ஆடுகிற மேசை. அதற்கு அடியில் மடித்த அட்டை வைத்திருந்தார்கள். அதிகாரி வயதானவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன், செவ்வாய், புதன், வெள்ளி என்று. கோப்பையைப் பற்றியும் சொன்னேன். "கேள்விப்பட்டதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "நீங்க சொல்றது ஒண்ணும் நம்ப முடியாததில்ல. ஆனா யாராவது அங்க உட்கார்ந்தவங்க வேணும்" என்றார். உன் பெயர் எனக்கு வாய்வரை வந்தது.

அப்புறம் சாதாரணமாக, எல்லாரிடமும் கேட்பதுபோல் கேட்டார்: "உங்க உறவுக்காரங்க யாராவது இந்த முதலீட்டுத் தொழில்ல இருக்காங்களா?"

உன்மேல் இருந்த கோபத்துக்கு நான் சட்டென்று உன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதமாகக் குளிக்கும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீ வராத இடத்துக்கு உன்னைக் கையைப் பிடித்து இழுத்துவர என்னால் முடியவில்லை. பாப்பாவின் முகம் வந்தது. பல்லில்லாத சிரிப்பை நான் பார்த்ததில்லை, ஆனாலும் வந்தது.

"இல்லைங்க" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமாங்க. அக்கா ஒருத்தங்க இருக்காங்க, குடும்பத்தைப் பார்த்துக்கிட்டு வீட்டுலதான் இருக்காங்க."

அதை அப்படியே எழுதினார். படித்துப் பார்க்கச் சொன்னார். சத்தியப் பிரமாண வரியின் கீழே கையெழுத்துப் போட்டேன்.

நாம் பேசிக்கொண்டதைக் காப்பாற்றிவிட்டேன். இனிமேல் உன்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள். புகார் தானாகப் படுத்துவிடும் என்று வக்கீல் சொல்கிறார், படுக்கட்டும். நிம்மதியாக இரு. கொஞ்ச நாள் நாம் எழுதிக்கொள்ள வேண்டாம். அப்புறம் பார்க்கலாம். உன் சட்டையைத்தான் நேற்றுப் போட்டுக்கொண்டு போனேன்.

தம்பி

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் நலம். பாப்பாவுக்குப் பல் எட்டிப் பார்க்கிறது. அம்மாவின் காலுக்கு நானே வந்து பார்க்கிறேன், இப்போது எனக்கு நேரம் இருக்கிறது.

நேற்று இங்கே ஆணையத்தின் ஆபீசுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். நீ கேட்ட ஒரு வரியை எழுதாமல் உன்னைக் காயப்போட்டதற்குக் காரணம் என் வக்கீல். கொடுத்து முடிக்கும்வரை உன்னோடு பேசக் கூடாது, எழுதக் கூடாது, அக்காவும் தம்பியும் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுவார்கள் என்றார். கூடிப் பேசுவதற்கு நாம் பயப்பட வேண்டியிருக்கிறது பார். ஆனால் ஏப்ரலில் எழுதாததற்கு வக்கீல் காரணமில்லை. பயம்தான்.

போன வருடம் எங்கள் கம்பெனி சின்ன நிறுவனங்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கி என்னிடம் கொடுத்தது. நீ கேட்டுவிடுவாயோ என்று உன்னிடம் சொல்லவில்லை. அந்த மேசைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். பெரிய மனிதர்கள் நடுவில் இடம் கிடைத்தது என்று சந்தோஷமாகவே போனேன். அந்த வியாழக்கிழமை ஷூக்காரர் உன் கவ்வியைப் பற்றிச் சொன்னார். ஐந்து பேருக்கும் ஆசை, முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி விஷயத்தில் நான் தலையிடக் கூடாது, ஒதுங்கி நிற்பதுதான் நேர்மை என்று நினைத்துக் கோப்பையைக் கவிழ்த்தேன். அவ்வளவு அவசரமாகக் கவிழ்த்தேன். ஷூக்காரர் என் கோப்பையைப் பார்த்தார். தன்னுடையதைக் கவிழ்த்தார். பக்கத்தில் இருந்தவர் கவிழ்த்தார். ஆஸ்பத்திரிச் சாமான் தெரிந்தவளே வேண்டாம் என்கிறாள் என்றுதானே அவர்களுக்குப் படும். "அவன் என் தம்பி, அதனாலதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று உன்னிடம் நானே சொன்னது குறுக்கே வந்தது. வாயைத் திறப்பதற்குள் வெள்ளைத்தாடியின் கோப்பை மட்டும் நிமிர்ந்திருந்தது. மறுபடி ஊற்றிய காபியை நான் குடிக்கவில்லை.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அலமாரியில் இருந்த உன் கவ்வியை எடுத்துப்போய் அவள் பாட்டிலில் மாட்டினேன். நாற்காலியிலேயே அசந்துவிட்டேன். அது அடித்துத்தான் விழித்தேன். பாட்டில் தீரும் தறுவாயில் இருந்தது. நர்ஸ் ஓடிவந்து மாற்றிவிட்டு, "இதை எங்க வாங்கினீங்க? எங்களுக்கும் வேணுமே" என்று கேட்டாள். அன்றைக்குத் தொடங்கிய குடைச்சல் நேற்றுத்தான் முடிந்தது.

வேலையை விட்டுவிட்டேன். அத்தான், "சரி, தலையணைக்குச் சண்டை போட இனி பகல் பூரா நேரம் கிடைக்கும்" என்கிறார்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தப் பெண் ஏதோ கோபத்தில் வேலையை விட்டுவிட்டுக் கதை கட்டுகிறாள் என்று அவர்கள் தரப்பில் இப்போதே சொல்கிறார்களாம். நான் எதற்காகக் கவிழ்த்தேன் என்பதில்தான் என் வாக்குமூலம் முழுவதும் நிற்கிறது: நீ என் தம்பி. அதனால் உன்னைக் கூப்பிடும்போது உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று கட்டாயம் கேட்பார்கள். இத்தனை நாள் எனக்காக யாரிடமும் சொல்லாமல் இருந்தாய். இனி அந்தப் பேச்சு வேண்டாம். அந்த மேசையில் உட்கார்ந்தவள் என் கூடப்பிறந்த அக்கா என்று தலைநிமிர்ந்து சொல். நம் இருவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்தாலும் எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று என் வக்கீல் பயமுறுத்தினார். அந்தக் கவலையே வேண்டாம், என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்பேனரைக் கூப்பிடு. சட்டையைப் போட்டுப் பார்த்தாயா, அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

அன்புடன்,
உன் அக்கா